லூட்டி என்றொரு நாய்க்குட்டி

நம்மூரில் லூட்டி என்றால் குறும்பு. விக்டோரியா மகாராணியின் செல்ல நாய்க்கும் அதே பெயர்தான்! ஆனால் அர்த்தம் வேறு. கொள்ளைப்பொருளைக் குறிக்கும் 'லூட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது (அதுவும் ஆங்கிலேயர்கள் இந்தியிலிருந்து எடுத்துக்கொண்டதுதான்). கொள்ளையடித்ததற்குக் கொள்ளை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்... அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

லூட்டி பீக்கிங்கீஸ் இனம். தட்டை முகம், உருண்டைக் கண், சிங்கம் மாதிரி பிடரி, அசைந்து அசைந்து நடை. எடை 6 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். பல நூற்றாண்டுகளாகச் சீன அரண்மனைக்குள் வளர்ந்த நாய் இது. மிகச் சிறியவற்றை அங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு திரிவார்களாம்!

1860-ல் இரண்டாம் அபினிப் போர். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீக்கிங்கை நெருங்கியதும் பேரரசர் ஷியான்ஃபெங் தப்பி ஓடிவிட்டார். (அந்தப் போரில் நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் இருந்தது.) அக்டோபரில் யுவான்மிங்யுவான் அரண்மனை சூறையாடப்பட்டது. சீனர்கள் பிடித்துவைத்த கைதிகள் பலர் சித்திரவதையில் இறந்ததற்குப் பழிவாங்க, அரண்மனையைக் கொளுத்தச் சொன்னார் எல்ஜின் பிரபு.

அங்கே ஐந்து பீக்கிங்கீஸ்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றைக் கேப்டன் ஜான் ஹார்ட் டன் 1861-ல் மகாராணிக்குக் கொடுத்தார். அதுதான் லூட்டி. ஃபிரெட்ரிக் கெய்ல் என்ற ஓவியர் அதை வரைந்தார். 1872-ல் விண்ட்சரில் இறந்தது. மற்றவை பிரபுக்கள் வீடுகளுக்குப் போயின.

பிறகு இந்த நாய் பரிசாகவும் போனது. பேரரசி சிஷி, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸுக்கு ஒன்றைக் கொடுத்தார். 1906-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த இனத்தை அங்கீகரித்தது.

இங்கேதான் நாய்க்கு உண்மையான சோதனை ஆரம்பம். கண்காட்சிகளில் தட்டை முகத்துக்கு மவுசு. வளர்ப்பவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை மூக்கைக் குறைத்துக்கொண்டே போனார்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். முகம் சுருங்கினால் மூச்சுப்பாதையும் நெருக்கமாகிவிடும், சூடு வெளியேறாது. 2003-ல் இங்கிலாந்தின் க்ரஃப்ட்ஸ் போட்டியில் முதலிடம் பெற்றது ஒரு பீக்கிங்கீஸ்தான். படம் எடுக்கும்போது அதை ஐஸ் பேக் மேல் உட்காரவைத்ததை 2008-ல் வந்த பிபிசி ஆவணப்படம் சொன்னது. பெரிய சர்ச்சை! அதே ஆண்டு பிரிட்டிஷ் கென்னல் கிளப் விதியை மாற்றி, மூக்குப் பகுதி வெளியே தெரிய வேண்டும் என்றது.

யாராவது இந்த நாயை வளர்க்க நினைத்தால் சில விஷயங்கள்:

- வெயில் ஆகவே ஆகாது. நடை அதிகாலையில் அல்லது இருட்டிய பிறகு. கோடையில் ஃபேன், ஏசி உள்ள அறை வேண்டும்.
- கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றும் பட்டை நல்லது.
- முக மடிப்புகளைத் தினமும் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும். கண் சிவந்தாலோ நீர் வடிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.
- முடியை வாரத்துக்குச் சில முறை அடிவரை சீவ வேண்டும்.
- எடை கூடினால் மூச்சு இன்னும் திணறும். சோபாவிலிருந்து குதிக்கவிட்டால் முதுகெலும்புக்கு ஆபத்து.

குணம்? ராஜ பரம்பரைதான்! கூப்பிட்டால் உடனே வராது, யோசித்துத்தான் வரும். வீட்டாரிடம் பாசம், அந்நியரிடம் முறைப்பு. அடித்தால் பிடிவாதம் கூடும், கொஞ்சினால் வழிக்கு வரும்.

சீனப் பேரரசர், ஆங்கிலக் கேப்டன், கண்காட்சி நடுவர் எல்லோரும் இதில் தங்கள் பெருமையைத்தான் பார்த்தார்கள். வாங்கப் போகும் நீங்களாவது குட்டியின் தாய் தகப்பனை நேரில் பாருங்கள். கொஞ்சம் ஓடிவிட்டு வந்தும் சத்தமில்லாமல் மூச்சு விடுகிறதா, மூக்குத் துவாரம் நன்றாகத் திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். கேட்க ஆள் இருக்கும்வரை அப்படிப்பட்ட குட்டிகளைப் பிறக்க வைத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.