ராஜபார்ட் முதல் பபூன் வரை: தமிழ் நாடக மேடையில் வேட வகுப்பு வளர்ந்த வரலாறு

மாயாஜால உலகில் நடக்கும் பாத்திர விளையாட்டில், கதை தொடங்குமுன்பே ஆடுபவர் தம் வகுப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ போர்வீரன், மந்திரவாதி, குருக்கள் என்ற மூன்று வகுப்புகளோடு வந்தது. திருடன் அடுத்த ஆண்டுதான் சேர்ந்தான். தமிழ் மேடையிலோ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) ஆகியோரோடு கள்ளபார்ட்டும் (திருடன்) இருந்தான். இந்த வகுப்பு முறை வளர்ந்த வழியைத் தூத்துக்குடியில் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வாழ்க்கையை ஒட்டிக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

உடல்வாகு தந்த வேடம்

உப்புத் துறையில் கணக்கெழுதிவந்த சுவாமிகள் 24ஆம் வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன் என உக்கிர வேடங்களே உடல்வாகுக்கேற்ப அவருக்கு வாய்த்தன. அந்தக் கோலத்தைக் கண்டு அஞ்சிய பெண்களுக்குத் தீங்கு நேர்ந்ததால் மனம் நொந்து அவர் அரிதாரத்தைக் கைவிட்டார் என்பது நாடக உலகில் வழிவழியாக வரும் செய்தி. அது அப்படியே நடந்ததோ இல்லையோ, வேடம் ஆளைத் தேர்ந்தெடுத்த காலம் அது என்பதை அச்செய்தி உணர்த்துகிறது. அவர் பின்னர் ஏற்ற இடம் வாத்தியாருடையது. அங்கிருந்து வேடங்களைப் பிறருக்குப் பகிர்ந்தளித்தார்.

வாத்தியார் தந்த வேடம்

1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடிகர்கள் சிறுவர்கள். யாருக்கு எந்த பார்ட் என்பதை அவர்களின் குரலையும் முகவெட்டையும் பார்த்து வாத்தியாரே முடிவு செய்தார். ஆனால் அம்முடிவு நிலையானதன்று. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாக நின்ற பையன் வேறு வேடத்துக்கு மாற நேர்ந்தது. சில வேளை ஆளுக்காகவே பாத்திரமும் பிறந்தது. சிறுவன் தி.க.சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

நடிகர் ஏற்ற வேடம்

மூன்றாம் கட்டம் ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனி இல்லை, ஒத்திகையும் இல்லை. ஊர்த் திருவிழாவுக்கு ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறூரிலிருந்தும் தனித்தனியே பேசி அழைக்கப்படுவர். 1920களில் எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் இலங்கை மேடையில் இணைந்ததும் இம்முறையால் நேர்ந்ததே. முன்பின் பழகாதவர்கள் அன்றிரவே ‘வள்ளி திருமணம்’ ஆடி விடிய வைப்பது எப்படி? கதையும் பாட்டும் சுவாமிகளின் பிரதி வழியே எல்லாருக்கும் மனப்பாடம். முருகனுக்கு ராஜபார்ட், வள்ளிக்கு ஸ்திரீபார்ட் என்ற வரையறை, யார் எங்கே பாட்டெடுப்பது, யார் எங்கே விட்டுக்கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறது. அந்த வரம்புக்குள் வள்ளியும் நாரதரும் புரியும் தர்க்கம் அவரவர் சாமர்த்தியம். எதிராளி என்ன கேட்பார் என்பது மேடையில்தான் தெரியும்.

இக்கட்டத்தில் பார்ட் என்பது ஒரு நாடகத்தின் வேடம் என்ற அளவைக் கடந்து தொழில் அடையாளமாயிற்று. திரைக்குப் போன பிறகும் ‘கள்ளபார்ட்’ நடராஜன் என்றே ஒருவர் அறியப்பட்டார்.

முடிவுரை

முதலில் உடலும், அடுத்து வாத்தியாரும், இறுதியில் நடிகரின் தேர்ச்சியும் பார்ட்டைத் தீர்மானித்தன. வகுப்பு நடிகரைக் கட்டிப்போடுகிறது என்ற குறை நியாயமானதே. எனினும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையின் வேலையைச் செய்தது அந்தக் கட்டுதான். பாத்திர விளையாட்டில் முன்பின் அறியாத நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து உடனே ஆட்டத்தில் இறங்க முடிவதும் அதே காரணத்தால்: பக்கத்தில் இருப்பவரின் பெயர் தெரியாவிட்டாலும், அவர் என்ன செய்ய வந்தவர் என்பது தெரியும்.