உடற்பருமன் மருந்துச் சோதனைகள்

உடற்பருமன் மருந்துச் சோதனைகள் என்பவை, உடற்பருமன் உள்ள வயது வந்தோரின் எடையைக் குறைப்பதற்கென உருவாக்கப்படும் புதிய மருந்துகள் உண்மையில் பயன் தருகின்றனவா, அவற்றால் தீங்கு உண்டா என்பவற்றை மனிதரிடம் முறைப்படி சோதித்தறியும் ஆய்வுகள் ஆகும். ஏனைய மருந்துச் சோதனைகளைப் போலவே இவையும் கட்டங்களாக நடைபெறுகின்றன. முதற் கட்டத்தில் சிலரிடம் மருந்தின் பாதுகாப்பும், இரண்டாம் கட்டத்தில் ஏற்ற அளவும், மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானோரிடம் பயனும் பக்க விளைவுகளும் ஆராயப்படுகின்றன. ஆயினும் இத்துறைக்குத் தனியான ஒரு சிக்கல் உண்டு. எடை குறைந்ததா என்பதை எடைக்கருவி சில மாதங்களிலேயே காட்டிவிடும். ஆண்டுக்கணக்கில் மருந்தை எடுத்துக்கொள்பவரின் இதயத்துக்கோ மனத்துக்கோ என்ன நேரும் என்பதை அது காட்டாது. ஒப்புதல் பெற்று விற்பனைக்கு வந்த எடைக்குறைப்பு மருந்துகள் பல பின்னர் திரும்பப் பெறப்பட்டதற்கு இந்த இடைவெளி முக்கிய காரணமாகும்.

சோதனையின் அமைப்பு

சோதனையில் சேர்வதற்கான முதல் அளவுகோல் உடல் நிறை குறியீட்டெண் ஆகும். கிலோகிராமில் அளக்கப்பட்ட எடையை, மீட்டரில் அளக்கப்பட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 1.60 மீட்டர் உயரமும் 80 கிலோகிராம் எடையும் உள்ளவரின் எண் 31.25 ஆகும். பெரும்பாலான சோதனைகளில் இவ்வெண் 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களும், 27 அல்லது அதற்கு மேல் இருந்து உயர் குருதியழுத்தம் போன்ற எடை சார்ந்த நோய் ஒன்றும் உடையவர்களும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர்.

சேர்ந்தவர்கள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு குழுவுக்கு மருந்தும், மற்றதற்கு உருவில் அதனை ஒத்த, செயலற்ற மருந்துப்போலியும் வழங்கப்படும். யாருக்கு எது கிடைக்கிறது என்பது மருத்துவருக்கும் தெரியாது, பங்கேற்பவருக்கும் தெரியாது. ஆனால் எடைக்குறைப்பு மருந்துகளில் இந்த மறைப்பு முழுமையாக நிலைப்பது அரிது. குமட்டல் வந்து, ஆடைகளும் தளர்ந்துபோன ஒருவர் தமக்குக் கிடைத்தது எது என்பதை எளிதில் ஊகித்துவிடுவார்.

இரு குழுவினருக்கும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை அளிக்கப்படுவதால் மருந்துப்போலி பெற்றவர்களின் எடையும் சிறிது குறைகிறது. ஆகவே மருந்தின் பயன் என்பது இரு குழுக்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே. விளம்பரங்களில் காணப்படும் எண் பெரும்பாலும் இந்த வேறுபாடாக இருப்பதில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலின்படி, ஓராண்டு முடிவில் இவ்வேறுபாடு சராசரியாக 5 விழுக்காடாவது இருத்தல் வேண்டும். அல்லது மருந்து பெற்றவர்களில் குறைந்தது 35 விழுக்காட்டினர் தம் எடையில் 5 விழுக்காட்டை இழந்திருக்க வேண்டும். அவர்களின் விகிதம் மருந்துப்போலிக் குழுவினரைப்போல் ஏறத்தாழ இருமடங்காகவும் இருத்தல் வேண்டும்.

இடையில் மருந்தை நிறுத்தியவர்களை எவ்வாறு கணக்கிடுவது என்பது மாணவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு கூறாகும். அனைவரையும் சேர்த்துக் கணக்கிடுவது ஒரு முறை. அனைவரும் மருந்தைத் தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதிப்பிடுவது வேறொரு முறை. ஓர்ஃபோர்கிளிப்ரான் என்னும் மாத்திரையின் 2025 ஆம் ஆண்டுச் சோதனையில், உச்ச அளவு பெற்றவர்களின் எடையிழப்பு முதல் முறையில் 11.2 விழுக்காடு எனவும் இரண்டாம் முறையில் 12.4 விழுக்காடு எனவும் அமைந்தது. இரண்டும் சரியான எண்களே. எனினும் அவை வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள் ஆகும்.

திரும்பப் பெறப்பட்ட மருந்துகள்

ஃபென்ஃபுளூரமின், ஃபென்டர்மின் ஆகிய இரண்டும் அமெரிக்காவில் தனித்தனியே ஒப்புதல் பெற்ற மருந்துகள் ஆகும். இரண்டையும் சேர்த்து 121 பேருக்கு அளித்த ஒரு சோதனையின் முடிவுகள் 1992 ஆம் ஆண்டு வெளிவந்தன. அதன் பின்னர் இச்சேர்க்கை பெரும் புகழ் பெற்றது. சேர்க்கைக்கெனத் தனி ஒப்புதல் இல்லாதபோதும், 1996 ஆம் ஆண்டில் மட்டும் இம்மருந்துகளுக்கு 1.8 கோடிக்கும் மேற்பட்ட மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. 1997 ஆம் ஆண்டு சூலையில், இவற்றை எடுத்துக்கொண்ட 24 பெண்களின் இதய அடைப்பிதழ்கள் பழுதடைந்திருந்ததை மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் அறிவித்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபென்ஃபுளூரமின் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. 121 பேரிடம் நடந்த சோதனை இத்தகைய தீங்கை வெளிப்படுத்தும் அளவுக்குப் பெரியதன்று.

ரிமோனாபான்ட் வேறு வகையில் தோல்வியுற்றது. மூளையிலுள்ள கன்னாபினாய்டு ஏற்பிகளைத் தடுத்துப் பசியைக் குறைக்கும் இம்மருந்து 2006 ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. இதன் முதன்மைச் சோதனைகளில் கடும் மனச்சோர்வு உடையவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆனால் விற்பனைக்கு வந்த பின்னர் மருந்தை வாங்குபவர்களை அவ்வாறு வடிகட்ட இயலாது. மனநலப் பாதிப்புகள் காரணமாக 2008 ஆம் ஆண்டு அக்டோபரில் ஐரோப்பாவில் விற்பனை நிறுத்தப்பட்டது. இந்திய அரசு 2009 ஆம் ஆண்டு இதனைத் தடை செய்தது.

சிபுட்ராமினின் நிலையைத் தீர்மானித்தது ஸ்கவுட் என்னும் சோதனை ஆகும். 55 வயதுக்கு மேற்பட்ட, இதயநோய் இடர் மிகுந்த ஏறத்தாழ 10,000 பேர் இதில் பங்கேற்றனர். மாரடைப்பு, பக்கவாதம் முதலியன மருந்து பெற்றவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலி பெற்றவர்களில் 10.0 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. எடை குறைந்தது, இடர் கூடியது. பங்கேற்றவர்களுள் பலர் இம்மருந்து தரப்படக்கூடாத இதய நோயாளிகள் என்ற மறுப்பும் எழுந்தது. எனினும் 2010 ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், 2011 ஆம் ஆண்டு இந்தியாவிலும் இம்மருந்து விலக்கப்பட்டது. லோர்காசெரின் 12,000 பேர் பங்கேற்ற இதயப் பாதுகாப்புச் சோதனையில் தேறியது. பின்னர் அதே சோதனைத் தரவுகளில் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதால் 2020 ஆம் ஆண்டு திரும்பப் பெறப்பட்டது.

செமாகுளுட்டைடும் டிர்செப்படைடும்

உணவு உண்டபின் குடலில் சுரக்கும் சிஎல்பி-1 என்னும் இயக்குநீர் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதோடு, வயிறு நிறைந்த உணர்வையும் மூளைக்கு அளிக்கிறது. இயற்கையான இயக்குநீர் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதனை ஒத்த செமாகுளுட்டைடு உடலில் நெடுநேரம் நிலைப்பதால் வாரம் ஒரு முறை தோலடியில் ஊசியாகச் செலுத்தினால் போதும். இது முதலில் நீரிழிவு நோய்க்கான மருந்தாக வந்தது.

இதன் எடைக்குறைப்புச் சோதனைகளுள் முதன்மையானது ஸ்டெப் 1. நீரிழிவு இல்லாத 1,961 பேர் 16 நாடுகளில் இதில் பங்கேற்றனர். 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை உயர்த்தி, 16 வாரங்களில் 2.4 மில்லிகிராம் என்ற முழு அளவு எட்டப்பட்டது. 68 வாரங்களின் முடிவில் மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடும், மருந்துப்போலி பெற்றவர்களின் எடை 2.4 விழுக்காடும் குறைந்திருந்தன. குமட்டல் முன்னவர்களில் 44.2 விழுக்காட்டினருக்கும் பின்னவர்களில் 17.4 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. பித்தப்பை சார்ந்த கோளாறுகளும் மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தன. முடிவுகள் 2021 ஆம் ஆண்டு வெளிவந்தன. அதே ஆண்டு சூனில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

டிர்செப்படைடு இரு குடல் இயக்குநீர்களின் ஏற்பிகளில் செயற்படுவது. 2022 ஆம் ஆண்டு வெளியான சர்மவுண்ட் 1 சோதனையில் இதன் உச்ச அளவைப் பெற்றவர்கள் 72 வாரங்களில் சராசரியாக 20.9 விழுக்காடு எடை இழந்தனர். இவ்விரு மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சர்மவுண்ட் 5 சோதனையில் டிர்செப்படைடு 20.2 விழுக்காடும் செமாகுளுட்டைடு 13.7 விழுக்காடும் எடையைக் குறைத்தன. இச்சோதனையில் மறைப்பு இல்லை. யாருக்கு எம்மருந்து என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது.

மருந்தை நிறுத்தியபின்

ஸ்டெப் 4 சோதனையின் அமைப்பு சற்று வேறானது. அனைவருக்கும் முதல் 20 வாரங்கள் செமாகுளுட்டைடு அளிக்கப்பட்டது. அதன் பின்னரே, மருந்தைத் தொடர்வோர் எனவும் அறியாமலே மருந்துப்போலிக்கு மாற்றப்படுவோர் எனவும் 803 பேர் பிரிக்கப்பட்டனர். அடுத்த 48 வாரங்களில் தொடர்ந்தவர்களின் எடை மேலும் 7.9 விழுக்காடு குறைந்தது. மாற்றப்பட்டவர்களின் எடை 6.9 விழுக்காடு கூடியது. ஸ்டெப் 1 இல் பங்கேற்றவர்களுள் 327 பேரை, மருந்தும் ஆலோசனையும் நிறுத்தப்பட்டபின் ஓராண்டு தொடர்ந்து கவனித்தபோது, மருந்து பெற்றிருந்தவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியிருந்தது. உடற்பருமன் நீண்டகால நோய் என்னும் கருத்துக்கு இவை வலுச் சேர்த்தன. கூடவே, மருந்தை வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டுமா, அதன் செலவை யார் ஏற்பது என்னும் வினாக்களும் எழுந்தன. 68 வாரச் சோதனையால் இவற்றுக்கு விடை கூற இயலாது.

இதயப் பயன்

ஸ்கவுட் எழுப்பிய ஐயத்தை நினைவிற் கொண்டு நோக்கினால் செலெக்ட் சோதனையின் முக்கியத்துவம் விளங்கும். முன்பே இதய, குருதிக்குழாய் நோய் உடைய, நீரிழிவு இல்லாத 17,604 பேர் இதில் பங்கேற்றனர். அவர்கள் சராசரியாக 40 மாதங்கள் கவனிக்கப்பட்டனர். மாரடைப்பு, பக்கவாதம், இதயக் காரணத்தால் இறப்பு ஆகியவற்றுள் ஒன்று மருந்துப்போலி பெற்றவர்களில் 8.0 விழுக்காட்டினருக்கும், செமாகுளுட்டைடு பெற்றவர்களில் 6.5 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. 2023 ஆம் ஆண்டு வெளியான இம்முடிவைச் செய்தித்தாள்கள் 20 விழுக்காடு குறைவு என்று எழுதின. அது ஒப்பீட்டுக் கணக்கு. நூறு பேரைக் கொண்டு எண்ணினால் ஒன்றரைப் பேருக்கு நேரவிருந்தது தவிர்க்கப்பட்டது. பக்க விளைவுகளால் மருந்தைக் கைவிட்டவர்கள் 16.6 விழுக்காட்டினர்; மருந்துப்போலிக் குழுவில் இது 8.2 விழுக்காடு.

பங்கேற்பாளரும் பயன்படுத்துவோரும்

ஸ்டெப் 1 இல் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் வெள்ளையர். முக்கால் பங்கினர் பெண்கள். சராசரி உடல் நிறை குறியீட்டெண் 37.9. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதால், இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையில் 25 என்ற எண்ணையே உடற்பருமனின் தொடக்கமாகக் கொண்டனர். சப்பானிலும் தென் கொரியாவிலும் 401 பேரிடம் நடந்த ஸ்டெப் 6 சோதனை கூட, எடை சார்ந்த நோய்கள் இரண்டு உடையவர்களுக்கு 27, ஒன்று மட்டும் உடையவர்களுக்கு 35 என்ற வரம்புகளையே கைக்கொண்டது. டிர்செப்படைடு 2025 ஆம் ஆண்டு மார்ச்சிலும், எடைக்குறைப்புக்கான செமாகுளுட்டைடு சூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. குறியீட்டெண் 26 உடைய ஒருவர் இந்திய வரையறைப்படி உடற்பருமன் உடையவர் ஆவார். ஆனால் ஸ்டெப் 1, ஸ்டெப் 6 ஆகிய இரண்டிலும் அவருக்கு இடம் கிடைத்திருக்காது.