நல்லாட்சியும் வாக்குரிமையும்: 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

சனநாயக சமூகமொன்றின் நல்லாட்சி பற்றிப் பேசுவோர் பிரதிநிதித்துவம், சட்டவாட்சி, நீதித்துறையின் சுதந்திரம், பொறுப்புக்கூறல் என்பவற்றை அதன் அடிப்படைகளாகக் கூறுவர். இவை இன்றியமையாதனவே. ஆயின் இவற்றுக்கெல்லாம் முற்பட்ட வினா ஒன்றுண்டு. அரசு பொறுப்புக்கூறவேண்டிய 'மக்கள்' யாவர், அதனைத் தீர்மானிப்போர் யாவர் என்பதே அது. இலங்கை வரலாற்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த சந்தர்ப்பம், மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமை பறிக்கப்பட்டமையாகும்.

டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரைகளையொட்டி 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே வாக்காளராயிருந்தனர். தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க இவ்வுரிமையைக் கோரினார்; இலங்கைத் தேசிய காங்கிரஸ் தலைவர்கள் வரையறுக்கப்பட்ட வாக்குரிமையையே வேண்டினர்; சேர். பொன். இராமநாதன் சர்வசன வாக்குரிமையை வன்மையாக எதிர்த்தார். இன வேறுபாடுகளைக் கடந்து மேற்றட்டினரை ஒன்றுபடுத்தியது வர்க்க நலனே என்பது மனங்கொள்ளத்தக்கது. தோட்டத் தொழிலாளர் விடயத்திலோ, நிரந்தரக் குடியிருப்பை நிறுவும் நிபந்தனைகள் அப்பொழுதே விதிக்கப்பட்டன.

எனினும் தொழிலாளர் கைக்கெட்டிய உரிமையைப் பயன்படுத்தினர். முப்பதுகளின் பிற்பகுதியில் தொழிற்சங்க உணர்வு தோட்டங்களிற் பரவியது. 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி, தேர்தல் நடைபெற்ற 95 ஆசனங்களுள் 42ஐ மட்டுமே பெற்றது. இலங்கை இந்திய காங்கிரஸ் மலையகத் தொகுதிகள் சிலவற்றை வென்றது. வேறு சில தொகுதிகளில் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு வலுவூட்டியது. அடுத்து நிகழ்ந்தவற்றை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், இலங்கையிற் பிறந்தோரும் தமது முன்னோரின் பிறப்பினை நிறுவவேண்டுமென விதித்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவுமூலம் பிரசாவுரிமை பெற வழிவகுத்ததாயினும், ஏழு அல்லது பத்தாண்டுத் தொடர்வதிவுக்கு ஆவணச் சான்று கோரியது. லயன் அறைகளில் வாழ்ந்தோருக்கு அது எளிதன்று. விண்ணப்பித்தோருட் சிறுபகுதியினரே உரிமை பெற்றனர். அதேயாண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளுக்கே வாக்குரிமை என்றாக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்பின் இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர் எவரும் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை.

புதிய அரசொன்று தன் பிரசைகளை வரையறுப்பது இயல்பே என வாதிக்கப்படுவதுண்டு. ஆனால் 1947இல் வாக்களித்தோரையே 1949இல் நீக்கியமை வெறும் வரையறை ஆகாது. அது உரிமைப் பறிப்பேயாகும்.

இவை யாவும் முறைப்படியே நடந்தேறின. பாராளுமன்றப் பெரும்பான்மை சட்டமியற்றியது. சமூகமொன்றுக்கு மட்டும் பாதகம் விளைக்கும் சட்டங்களைத் தடைசெய்த சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்பட்டது. 1953இல் பிரிவி கவுன்சில் அச்சட்டங்கள் செல்லுபடியாகுமெனத் தீர்ப்பளித்தது. சட்ட வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இடம்பெறவில்லை. தொகுதிகளை வகுக்கையிலோ, 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கில் வாக்கிழந்த தொழிலாளரும் சேர்க்கப்பட்டனர். அவர்தம் தலைகளால் உருவான ஆசனங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்தோர் பிறராவர்.

தமிழ்த் தலைமையும் இதில் ஒருமித்து நிற்கவில்லை. 1949இல் தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டு தமிழரசுக் கட்சி தோன்றியமைக்கு இப்பிரச்சினையும் ஒரு காரணமாகும். 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தொழிலாளரின் விருப்பமறியாமலே எண்களைப் பங்கிட்டது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் இறுதிச் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இவ்வரலாறு உணர்த்துவது யாது? தேர்தல், நீதிமன்றம், யாப்பு ஆகிய மூன்றும் இயங்கிக்கொண்டிருக்கையிலேயே உழைக்கும் மக்கட்பிரிவொன்று அரசியலிலிருந்து அகற்றப்படலாம். ஆளப்படுவோரை ஆள்வோரே தெரிந்தெடுக்கும் அதிகாரம் கட்டுப்படுத்தப்படாதவரை, நல்லாட்சியின் ஏனைய தத்துவங்கள் யாவும் உள்ளே இருப்போருக்கான சலுகைகளாகவே எஞ்சும்.