சோழிக் கணக்கும் சீட்டுக் கணக்கும்: புதுச்சேரி வழியே ஒரு வரலாறு

போக்கர் ஆடுவோர் இன்று எதிராளியின் முகத்தைவிட அவருடைய எண்களையே அதிகம் பார்க்கின்றனர். ஒருவர் நூறு கைகளில் எத்தனை முறை தாமாக முன்வந்து பணம் கட்டினார், எத்தனை முறை தொகையை உயர்த்தினார், பிறர் உயர்த்தியபோது எத்தனை முறை சீட்டைக் கவிழ்த்து விலகினார் என்பவற்றை மென்பொருள் எண்ணிக் கொடுக்கிறது. பழைய ஆட்டத்தை எண்ணி அடுத்த ஆட்டத்தை முடிவு செய்யும் இவ்வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. கணக்கிடவும் ஆடவும் சோழி என்ற ஒரே பொருள் பயன்பட்ட தமிழ்நிலத்தில் இதற்கு நீண்ட முன்கதை உண்டு. அக்கதையின் சில கட்டங்கள் புதுச்சேரி நகரத்தில் நிகழ்ந்தவை.

தரையில் வைத்த சோழிகள்

பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி 1761-இல் சூரியனை வெள்ளி கடப்பதைக் காணப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கரையிறங்க முடியாமல், ஆடும் கப்பலிலிருந்தே அந்நிகழ்வைக் கண்டார். அளவீடு எதுவும் தேறவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழை நாடுகளிலேயே தங்கி, 1768-இல் மீண்டும் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மறைத்துவிட்டது. வரலாற்றில் இவரளவு வாய்ப்பால் கைவிடப்பட்ட வானியலாளர் வேறொருவர் இருப்பாரா என்பது ஐயமே.

காத்திருந்த காலத்தில் அவர் செய்த வேறொரு வேலைதான் பிற்காலத்தில் பேசப்பட்டது. தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிப்பு முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நேர அளவை அம்முறைப்படி கணித்தபோது 41 விநாடிதான் குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளுள் ஒன்றான டோபியாஸ் மாயருடையது 68 விநாடி கூடுதலாகக் காட்டியது.

சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில் இம்முறையை இன்னும் விரிவாகப் பதிவு செய்துள்ளார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுதுகோல் எதையும் தொடாமல், தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும் அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவுக்குரிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வேண்டிய அட்டவணைகள் அனைத்தும் சொற்களாகவும் அசைகளாகவும் அவர் மனத்தில் இருந்தன. கிரகணத் தொடக்கம் சுமார் நான்கு நிமிடமே பிழைத்தது. முடிவில் பிழை ஐம்பது நிமிடத்தை எட்டியது. அடிப்படைக் கோட்பாடு எதுவும் அக்கணிதருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று வாரன் வியப்போடு எழுதினார். 1952-இல் ஓட்டோ நொய்கெபாவர் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில் இப்பதிவை மீண்டும் ஆராய்ந்தார். நிலவின் ஒன்பது சுற்றுகளை 248 நாளாகக் கொள்ளும் கணக்கு பாபிலோனியாவிலும் இருந்ததை அவர் சுட்டிக்காட்டியதால் இது உலகக் கவனம் பெற்றது.

கோட்பாடு தெரியாமலேயே இவ்வளவு நெருங்க முடிந்ததற்குக் காரணம் எளிது. நிலவு திரும்பி வரும். 248 நாள் வரிசையை ஒருமுறை சரியாக எண்ணி வைத்துவிட்டால், சிறு திருத்தங்களோடு அடுத்த வரிசைக்கும் அது உதவும். வானத்தில் கடந்தது வருவதைச் சொல்லிவிடுகிறது.

குப்புற விழும் சோழி

அதே சோழியைக் குலுக்கிப் போட்டால் நிலைமை வேறு. தாயம் ஆட்டத்தில் ஆறு சோழிகளைப் போட்டு, மல்லாந்து விழுந்தவற்றை எண்ணுவர். ஒன்று மல்லாந்தால் தாயம். ஆறும் மல்லாந்தால் ஆறு. ஆறும் குப்புற விழுந்தால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவருக்கு மறு ஆட்டம் உண்டு. விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறும்.

சோழி மல்லாந்தும் குப்புறவும் சம வாய்ப்போடு விழும் என்று கொண்டால், 64 வீச்சுக்கு 6 முறை தாயம் விழ வேண்டும், அதாவது 9.4 விழுக்காடு. ஆனால் சோழி சமச்சீரான பொருளன்று. முதுகு ஒரு வடிவம், வாய் ஒரு வடிவம். குறிப்பிட்ட ஒரு சோழித் தொகுதி 40 விழுக்காடே மல்லாந்து விழுவதாக இருந்தால், தாயத்தின் வாய்ப்பு 18.7 விழுக்காடாகிறது. ஏறத்தாழ இருமடங்கு. பன்னிரண்டின் வாய்ப்பு 1.6-இலிருந்து 4.7-ஆக, மும்மடங்காக உயர்கிறது. ஆறு விழுவதோ அரிதிலும் அரிதாகிவிடுகிறது. தன் வீட்டுச் சோழியை அறிந்த பாட்டியிடம் விருந்தாளிகள் தோற்பதில் மாயம் எதுவுமில்லை.

நான்முகத் தாயக்கட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தே அதன் வாய்ப்பை ஓரளவு சொல்லிவிடலாம். சோழியை அப்படிச் சொல்ல முடியாது. போட்டுப் போட்டு எண்ணித்தான் அறிய வேண்டும். இந்த வேறுபாட்டை ஐரோப்பாவில் தெளிவாக எடுத்துரைத்தவர் யாக்கோபு பெர்னூலி. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் தொடங்கிவைத்த வாய்ப்புக் கணிதம், சம வாய்ப்புள்ள ஆட்டங்களையே பேசியது. 1713-இல் வெளிவந்த பெர்னூலியின் நூல், வாய்ப்பு முன்கூட்டித் தெரியாத இடத்தில் பல முறை கண்டு எண்ணுவதன் வழியே அதை நெருங்கலாம் என்று நிறுவியது.

எண்ணிக்கை சொல்வது சோழியின் சாய்வை மட்டுமே. அடுத்த வீச்சை அன்று. 'பன்னிரண்டு விழுந்து வெகுநேரமாயிற்று, இனி விழுந்தே தீரும்' என்று நினைப்பவர், சோழியை நிலவாக எண்ணிவிடுகிறார். சூதில் சொத்திழந்தோரில் பலர் இந்தப் பிழையில்தான் இழந்தனர்.

பாஞ்சாலி சபதமும் தான்றி மரமும்

1908-இல் புதுச்சேரிக்கு வந்து 1918 வரை வாழ்ந்த பாரதியார், சூதாட்டத்தை நடுவில் வைத்த 'பாஞ்சாலி சபத'த்தை இங்கிருந்தபோதே எழுதினார். முதற்பாகம் 1912-இல் அச்சாயிற்று. இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பின் 1924-இல் வெளிவந்தது. நாடிழந்த மக்களின் நிலையை அக்காவியம் சூதுக் களத்தில் வைத்துக் காட்டியது என்பதே வழக்கமான வாசிப்பு. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்தாலும் அதில் ஒரு செய்தி கிடைக்கிறது. துரியோதனன் தான் ஆடவில்லை. தனக்காகச் சகுனியை ஆட வைக்கிறான். தருமனோ எதிரில் ஆள் மாறியதையும் தான் தொடர்ந்து தோற்பதையும் கண்டும் பந்தயத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான்.

மூல பாரதத்தில் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. காட்டில் தருமனுக்குப் பிருகதசுவ முனிவர், சூதில் நாடிழந்து மீட்ட நளனின் கதையைச் சொல்கிறார். உருமாறித் தேரோட்டியாக இருந்த நளனிடம், அயோத்தி மன்னன் இருதுபன்னன் வழியிலிருந்த தான்றி மரத்தைக் காட்டி, அதன் இரு கிளைகளில் 2095 காய்கள் உள்ளன என்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்க, எண் சரியாக இருக்கிறது. எல்லாக் காய்களையும் எண்ணாமல் மொத்தத்தை மதிப்பிடும் வித்தையும் சூதின் உள்ளறிவும் ஒன்றாகவே அங்குக் கைமாறுகின்றன. அன்றைய சூதுக்காய் தான்றிக் கொட்டையே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாய்ப்புக் கணிதத்தின் வரலாற்றை 1975-இல் எழுதிய ஈயன் ஹாக்கிங், மாதிரி கொண்டு மதிப்பிடுதல் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றாக இதைக் காட்டினார். கதை முடிவில் முனிவர் அதே வித்தையைத் தருமனுக்கும் கற்பிக்கிறார். காலம் கடந்த பாடம்தான்.

தமிழில் இக்கதை புகழேந்தியின் 'நளவெண்பா'வாக வாழ்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலின் திருநள்ளாற்றில், நளன் நீராடிச் சனி நீங்கப் பெற்றான் என்பது தலபுராணம். மக்கள் நினைவில் நின்றது சனியும் குளமும். தான்றி மரத்தடியில் எண்ணிய காட்சி அவ்வளவாக நிற்கவில்லை.

ஆட்டக்காரரே சோழி

போக்கரில் சீட்டின் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்தது. 52 சீட்டுகளில் இரண்டை எடுக்க 1326 வழிகள். இரண்டும் ஆசாக வர 6 வழிகள். ஆகவே 221 கைகளுக்கு ஒருமுறை. இதை எவரும் மனப்பாடம் செய்துவிடலாம். தெரியாதது எதிரில் இருப்பவரின் சாய்வு. சோழியைப் போல அவரையும் எண்ணித்தான் அறிய வேண்டும்.

அடிப்படையான அளவு, அவர் தாமாகப் பணம் கட்டி ஆடும் கைகளின் விழுக்காடு. ஆறு பேர் மேசையில் ஒருவர் பாதிக்குமேல் ஆடினால் பலவீனமான சீட்டுகளோடும் இருக்கிறார் என்று பொருள். அவரிடம் ஏமாற்றுப் பந்தயம் கட்டுவது வீண், நல்ல சீட்டு வந்தால் மட்டும் பெரிதாகக் கட்ட வேண்டும். பத்தில் ஒன்றே ஆடுபவர் திடீரென உயர்த்தினால் விலகிவிடலாம். உயர்த்தும் விழுக்காடு, தொடர்ந்து அடிக்கும் விழுக்காடு எனப் பிற அளவுகளும் உண்டு, வழி ஒன்றே.

இங்கே பெரும்பாலோர் தவறுவது எண்ணிக்கையின் அளவில். 100 கைகளில் ஒருவர் 25 ஆடியிருந்தால், அவருடைய உண்மையான இயல்பு 16-க்கும் 34-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். 1000 கைகள் கண்ட பிறகே அது 22-க்கும் 28-க்கும் இடையே சுருங்குகிறது. இரண்டு மணி நேரம் கண்டு 'அவரைப் படித்துவிட்டேன்' என்பவர் இன்னும் எதையும் படிக்கவில்லை.

தன்னைப் பற்றிய கணக்கு இதைவிடக் கடினம். நூறு கைக்கு ஐந்து பந்தய அலகு ஈட்டும் திறனுடைய ஒருவருக்கு, அதே நூறு கையில் ஏற்ற இறக்கம் தொண்ணூறு அலகாக இருப்பது இயல்பு. 10,000 கைகள் ஆடிய பின்னும் அவருடைய சராசரியில் ஒன்பது அலகுத் திட்டப்பிழை மிஞ்சும். வெல்லும் திறனுடையவர் தோற்றவராகவும், தோற்கும் இயல்புடையவர் வென்றவராகவும் தெரியலாம். ஒவ்வொரு பந்தயத் தொகையிலும் ஆட்டத்தை நடத்துபவர் எடுக்கும் பங்கு இதற்கு மேல். ஒரு மாத வெற்றியைத் திறமை என்று நம்பிக் கடன் வாங்கியவர்கள் இந்த இடைவெளியில்தான் விழுந்தனர்.

சோழிக்கு இல்லாத ஒரு குணமும் ஆட்டக்காரருக்கு உண்டு. தன்னை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மாறிவிடுவார்.

நீதிமன்றங்களில்

புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவோடு நடைமுறையில் சேர்ந்து, 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் இணைந்த பிறகு, 1965-இல் தனக்கெனச் சூதாட்டச் சட்டம் ஒன்றைப் பெற்றது. சூது எது, ஆட்டம் எது என்ற வழக்குகள் இந்தியா முழுவதும் எண்ணும் திறனைச் சுற்றியே நடந்தன. 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சத்தியநாராயணா வழக்கில் ரம்மியைத் திறன் ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதே அதற்குச் சொன்ன முதன்மைக் காரணம்.

கடனிலும் தற்கொலையிலும் முடிந்த இணைய ஆட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாடு அரசு 2021-இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கியது. நீதிபதி கே. சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பின் புதிய சட்டம் வந்தது. 2023 நவம்பர் 9-இல் அதே நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்ட பகுதியை மட்டும் நீக்கியது. இவை தமிழ்நாட்டுச் சட்டங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தபோதும் புதுச்சேரிக்கு அவை பொருந்தவில்லை. திறன் உண்டா என்று கேட்ட நீதிமன்றங்கள் சரியான விடையையே கண்டன. அத்திறன் வெளிப்பட எத்தனை ஆயிரம் கைகள் வேண்டும், அதுவரை ஒரு கூலிக்காரரின் சேமிப்பு தாங்குமா என்ற கேள்விக்கு அவ்வழக்குகளில் இடமிருக்கவில்லை.

2025 ஆகஸ்டு 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவணரசின் இணைய ஆட்டச் சட்டம், திறனா வாய்ப்பா என்று பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. இது புதுச்சேரிக்கும் உரியது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க வீட்டுத் திண்ணையில் உருட்டும் சோழியை அச்சட்டம் தொடவில்லை.