கால் உடைஞ்சா காசு: ஒரு குட்டி வரலாறு

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போற ரோட்டுல எங்க மாமாவோட பைக்கை ஒரு கார் இடிச்சுடுச்சு. வலது கால் முறிவு. மாமா கொத்தனார். "கேஸு கீஸுன்னு எதுக்கு அலையணும்?"னு நாலு பேர் சொல்ல, பத்தாயிரம் வாங்கிக்கிட்டு விட்டுட்டார். ஆஸ்பத்திரி செலவுக்கே அது பத்தலை. அந்த எரிச்சல்ல தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

1855-ல வெள்ளைக்காரன் போட்ட விபத்துச் சட்டப்படி, ஆள் செத்தாத்தான் குடும்பத்துக்கு நஷ்டஈடு. உயிரோட கால் போனவன் சிவில் கோர்ட்டுக்குப் போகணும், கேக்குற தொகைக்கு ஏத்த மாதிரி கோர்ட் கட்டணமும் கட்டணும். ஜெயிச்சாலும் இடிச்சவன்கிட்ட காசு இருக்கணுமே? அதுக்குத்தான் 1939 மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்குச்சு. ஆனா அந்தப் பகுதி அமலுக்கு வந்தது 1946 ஜூலையில! விபத்து வழக்குக்குன்னே தனித் தீர்ப்பாயம் வந்தது 1956 திருத்தத்துல.

அப்பவும் தப்பு டிரைவர் மேலதான்னு நிரூபிக்கணும். 1977-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. 1982-ல சட்டத்தைத் திருத்தி, தப்பு யார் மேலன்னு பாக்காமலே சாவுக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய்னு வச்சாங்க. 1988 சட்டத்துல அது 25,000, 12,000 ஆச்சு. 1994-ல 50,000, 25,000. அதே 1994 திருத்தம், நாம குடியிருக்குற ஊர்லயே மனு போடலாம்னும் சொல்லுச்சு. வெளியூர்ல ஆணி புடுங்குற நமக்கு இது வரம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2010 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு. டாக்டர் சொல்ற ஊன சதவீதம் வேற, பொழைப்புல வர்ற நஷ்டம் வேறங்குது அது. யோசிச்சுப் பாருங்க. எனக்குக் கால் முறிஞ்சா நாற்காலியில உக்காந்து கோடு அடிப்பேன். மாமா சாரம் ஏற முடியுமா?

அரசு பஸ் இடிச்சா கதை வேற. போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வச்சு, இன்சூரன்ஸ்லேர்ந்து விலக்கு வாங்கிக்கச் சட்டத்துல வழி இருக்கு. தீர்ப்பு வந்தும் பணம் கட்டலைன்னா, அமீனா வந்து பஸ்சையே ஜப்தி பண்ணிடுவார். பேப்பர்ல நாம சிரிச்சுக்கிட்டே படிக்கிற அந்தச் செய்திக்குப் பின்னாடி, வருஷக்கணக்கா காத்திருந்த ஒரு குடும்பம் இருக்கு.

முக்கியமான விஷயம். 1994-ல எடுத்துட்ட காலக்கெடுவை 2019 திருத்தம் திரும்பக் கொண்டு வந்துடுச்சு. 2022 ஏப்ரல்லேர்ந்து அமல். விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்.

மாமாவுக்கு அடிபட்டு நாலு மாசம் ஆச்சு. போலீஸ்ல புகார் இல்லை. ஆனா ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல 'கார் மோதி'ன்னு தெளிவா எழுதியிருக்கு. வர்ற திங்கக்கிழமை லீவு போட்டாச்சு. மாமாவைக் கூட்டிக்கிட்டு திண்டிவனத்துல வக்கீலைப் பாக்கப் போறேன்.