ஒரு டாலர் மருந்து

அன்பு மாணவர்களே, உறவுகளே,

இன்று காலை இன்சுலின் போட்டுக்கொண்டபோது அம்மா நினைவு வந்தது. அவர் ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுப்பது சிறுவயதில் என் வேலை. மாதக் கடைசியில் காசு இருக்காது; மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்வார்.

1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். அன்று அது மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்த மருந்து. 1978-இல் அமெரிக்காவில், மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே தயாரிக்க வைத்தார்கள். 1982-இல் அது மருந்தாக அனுமதி பெற்றது.

உயிரித் தொழில்நுட்பம் இனி என்னென்னவோ தரும் என்கிறார்கள். தரட்டும். மாதக் கடைசியிலும் வாங்க முடிகிற விலையில் தரட்டும்.

உங்களில் பலர் இன்று மருத்துவர்கள், ஆய்வாளர்கள். அதனால்தான் சொல்கிறேன்.