பேஸ் கிளெஃப்: ரெண்டு புள்ளிக்குப் பின்னால் ஒரு கதை

பியானோ கத்துக்கறவங்க ட்ரெபிள் கிளெஃப்பை ஒருவழியா மனப்பாடம் பண்ணி முடிச்சதும் ஏழரை ஆரம்பிக்கும். இடது கைக்கான பேஸ் கிளெஃப்பிலும் அதே அஞ்சு கோடுதான், ஆனா சுரமெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அங்கே ஈ-யாக இருந்த கீழ்க்கோடு இங்கே ஜி. எந்தப் புண்ணியவான் செய்த வேலை இது என்று தேடிப் போனால், ஆயிரம் வருஷம் பின்னால் இத்தாலியில் போய் நிற்கிறோம்.

அந்தக் காலத்துத் தேவாலயப் பாடல்கள் காதால் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவை. எழுத்தில் இருந்த குறிகள் குரல் ஏறுதா இறங்குதா என்று காட்டுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. ஏற்கெனவே தெரிந்த பாட்டை ஞாபகப்படுத்த அது போதும். தெரியாத பாட்டுக்கு வாத்தியார்தான் கதி.

பொம்போசா மடத்துத் துறவி குய்தோ இதை மாற்றினார். கோடு போடும் பழக்கம் அவருக்கு முன்பே அங்கங்கே இருந்ததுதான். அவர் அதை ஒழுங்கான முறையாக்கினார். எஃப் சுரத்தின் கோட்டுக்குச் சிவப்பு, சி சுரத்தின் கோட்டுக்கு மஞ்சள், ஓரத்தில் அந்தந்த எழுத்து. பத்து வருஷம் பாடுபட்டும் அரைகுறையாக வந்த பாட்டு, இந்த முறையில் ஒன்றிரண்டு வருஷத்தில் வந்துவிடும் என்றார்.

சக துறவிகள் கைதட்டினார்களா? ம்ஹூம். பொறாமையில் அவர் மடத்தை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. உடையாத கண்ணாடி கண்டுபிடித்ததற்காகக் கொல்லப்பட்ட ஒரு கைவினைஞன் கதையைச் சொல்லி, தன் நிலைமையும் அப்படித்தான் என்று மைக்கேல் என்ற துறவிக்குக் கடிதம் எழுதினார்.

அரெஸ்ஸோ ஊர் பிஷப் தியோடால்ட் ஆதரவு கொடுத்தார். 1024 முதல் 1032 வரை போப்பாக இருந்த பத்தொன்பதாம் ஜான், குய்தோவை ரோமுக்கே அழைத்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், தான் கேட்டே இராத ஒரு வரியைத் தானே பாடிப் பார்க்காமல் இடத்தை விட்டு எழவில்லையாம். இதுவும் அதே கடிதத்தில் இருக்கிறது. வாத்தியார் பக்கத்தில் இல்லாமலே ஒரு புதுப்பாட்டு! பயந்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று இப்போ புரியுதா? :-)

ஓரத்தில் எழுதிய அந்த 'எஃப்' கை மாறி மாறி வளைந்து நெளிந்ததுதான் இன்றைய பேஸ் கிளெஃப். ரெண்டு புள்ளிகள், அந்த எழுத்தின் ரெண்டு கைகளின் மிச்சம். அவை அணைத்து நிற்கும் நாலாவது கோடுதான் எஃப். கிளெஃப் என்றால் பிரெஞ்சில் சாவி.

நம்ம பாஷையில் சொன்னால் இதுதான் பேஸ் அட்ரஸ். மத்ததெல்லாம் ஆஃப்செட். கோடு கோடாகக் கீழே இறங்கினால் டி, பி, ஜி. மேல்கோடு ஏ. அதற்கும் மேலே ஒரு குட்டிக்கோடு போட்டால் நடு சி. ட்ரெபிளில் கீழே குட்டிக்கோடு போட்டு எழுதுவதும் இதே சி-தான்.

தனித்தனியா மனப்பாடம் பண்ணாதீங்க. எஃப்-ஐப் பிடிச்சுக்கிட்டு எண்ணுங்க. குய்தோ சிவப்புக் கோடு போட்டதே அதுக்குத்தான்.